போருக்கு அனுப்பியவர்களே பதிவேட்டையும் திருத்தட்டும்!

அரசாங்கம் ஒரு மனிதனைக் கப்பலேற்றிக் கடலுக்கப்பால் போர்முனைக்கு அனுப்புகிறது. அவன் போகிறான், இட்ட பணியைச் செய்கிறான், உயிர் பிழைத்தால் ஊர் திரும்புகிறான். அவன் போனான் என்பதை ஏட்டில் எழுதவேண்டிய எழுதுவினைஞர் எழுதாது விட்டுவிட்டால், அன்றேல் பெயரையும் திகதியையும் பிழைபட எழுதிவிட்டால், அந்தப் பிழையின் சுமை யார் தலையில் விழவேண்டும்? எழுதியவர் தலையிலா, எழுதப்பட்டவன் தலையிலா? பள்ளிக்கூடத்துச் சிறுவனும் இதற்கு விடை சொல்வான். இலங்கையை எண்பது ஆண்டுகளாக மாறி மாறி ஆண்டோருக்கு மட்டும் அந்த விடை இன்னும் எட்டவில்லை!

மன்னார்த் தீவின் தென்கரையிலே, வாடிகளும் வள்ளங்களும் நிறைந்த தாழ்வுபாட்டிலிருந்து இதனை எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் கரையோரத்தில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பெட்டிக்குள் பதக்கம் கிடக்கிறது. கடல் கடந்த பணியைக் கூறும் தாள் இல்லை. மற்றொரு வீட்டில் தாள் இருக்கிறது. அதில் உள்ள பெயர் வீட்டுக்காரர் பெயராகத் தோன்றவில்லை. “இத்தனை காலத்துக்குப் பிறகு இது எதற்கு?” என்று கேட்டுத் திருப்பியனுப்பும் கந்தோர்களை நான் அறிவேன். காணி உறுதியின் அட்டவணையில் வடக்கு எல்லையைத் தெற்கு என்று நொத்தாரிசு எழுதிவிட்டால் எந்தக் கமக்காரனாவது “இத்தனை காலத்துக்குப் பிறகு எதற்கு” என்று வாளாவிருப்பானா? நிலத்துக்கு ஒரு நீதி, அந்த நிலத்தில் பிறந்தவனுக்கு ஒரு நீதியா?

இலங்கைப் படையினர் கடல் கடந்து எங்கே போனார்கள் என்று வினவுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். போர் மூண்டபோது சில ஆயிரம் பேரே இருந்த இலங்கைப் பாதுகாப்புப் படை, 1945 அளவில் 26,000 என்ற தொகையை எட்டியது. அவர்களுட் பெரும்பாலார் இத்தீவிலேயே காவல் இருந்தனர் என்பது உண்மை. ஆயினும் ஒரு பகுதியினர் இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். இன்னொரு பகுதியினர் பிரித்தானிய இராணுவத்தின் றோயல் இராணுவச் சேவைப் படையில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போயினர். 1939 ஓகஸ்ட் இறுதியிலேயே போர்ப்பணிக்கு அழைக்கப்பட்ட கடற்படைத் தொண்டர்கள் வங்காள விரிகுடாவில் உலாவினர்.

கொக்கோஸ் தீவுகளின் கதை ஒன்றே இவ்வழக்குக்குப் போதுமான சான்று. 1942 மே 8ஆம் திகதி இரவு, ஹோர்ஸ்பர்க் தீவில் பீரங்கிக் காவலிலிருந்த இலங்கைப் படையினர் சிலர் தம் ஆங்கிலத் தளபதிக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி ஓர் இரவுக்குள் அடங்கிற்று. கிரேஷன் பெர்னாண்டோவும் அவருடன் இருவரும் அவ்வாண்டு ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படையினர் இம்மூவர்தாம். யார் எங்கே நின்றார், எவர் கையில் துப்பாக்கி இருந்தது, எந்த வேளையில் எந்தச் சொல் சொல்லப்பட்டது என்பவற்றையெல்லாம் இராணுவ நீதிமன்றம் விசாரித்து எழுதிவைத்தது. கவனியுங்கள்! தண்டிக்க வேண்டியபோது ஏடு அவ்வளவு துல்லியமாக இருந்தது. அதே தீவில், அதே வெயிலில், கிளர்ச்சியில் சேராது பணி முடித்துத் திரும்பியவனுக்கு அந்தத் துல்லியத்தில் பாதி கிடைத்ததா?

இதிலே இன்னுமொரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் கொக்கோஸ் தீவுகளின் நிருவாகம் இலங்கையின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. 1946இல் மீண்டும் சிங்கப்பூருக்குப் போயிற்று. 1955இல் அவுஸ்திரேலியாவிடம் சேர்ந்தது. ஆகவே அங்கே செய்த பணி இலங்கைக்கு உள்ளே செய்த பணியே என்று யாரேனும் ஒரு சூத்திரதாரி வாதிடக்கூடும்! நிருவாகம் காகிதத்தில் மாறியதால் சமுத்திரம் வற்றிவிடவில்லை. படைவீரனை ஏற்றிச் சென்றது கப்பலேயன்றிக் கச்சேரி வண்டியன்று.

பதக்க விதிகளை அறிந்தவர்களுக்கு ஒரு திகதியின் விலை தெரியும். ஆபிரிக்க நட்சத்திரம் என்னும் விருதுக்கு 1940 யூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆபிரிக்கப் போர்க்களத்தில் ஒரே ஒரு நாள் பணியாற்றினாலும் போதும். 1939–45 நட்சத்திரத்துக்குத் தரைப்படையினர் பொதுவாகப் போர்க்களத்தில் 180 நாட்களைக் காட்ட வேண்டும். போர்ப் பதக்கத்துக்கு 28 நாட்கள் முழுநேரப் பணி. உதாரணத்துக்காக மன்னாரிலிருந்து போன ஒரு வாகன ஓட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 1943 ஏப்ரிலில் எகிப்தில் இறங்குகிறார். எழுதுவினைஞர் கைதவறி யூன் என்று குறித்துவிடுகிறார். அந்த ஒற்றைச் சொல்லால் அவர் விருது பறிபோகிறது. அவர் பிள்ளைகளின் வாயில் இருக்கும் கதை பொய்யாகிறது.

பதக்கம் கையில் இருந்தாலே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பிரித்தானிய அரசாங்கம் தன் படையினருக்கு வழங்கிய அப்போர்ப் பதக்கங்களில் பெறுபவர் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகியவை பெயர் பொறித்துக் கொடுத்தன. பெயரில்லாத உலோகத் துண்டு சந்தையிலும் வாங்கக் கிடைக்கும். ஏட்டில் வரி இருந்தாலே அது விருது; இல்லையேல் வெறும் வில்லை. தவிரவும், படையிலிருந்து விலகியவர்கள் அவற்றைத் தாமே விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. விண்ணப்பிக்கத் தெரியாதவன் விருது பெறாதவன் ஆனான்.

இது தமிழனுக்கு மட்டும் இழைக்கப்பட்ட கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. சிங்களவர், பறங்கியர், மலாயர், முஸ்லிம்கள் யாவர்க்கும் இதே கதிதான். ஆனால் மன்னாரார் தலையில் மேலும் இரண்டு சுமைகள் ஏறியிருக்கின்றன. ஒன்று, பெயர். நம் கரையோரத்தில் வழங்கும் குரூஸ் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். தந்தை பெயரை முன்னே போடுவது நம் வழக்கம். பட்டாளத்து எழுதுவினைஞருக்கோ கடைசியில் நிற்பதே குடும்பப் பெயர். பின்னர் அதே பெயர் சிங்கள எழுத்துக்கு மாறுகிறது. மூன்று மொழியில் மூன்று மனிதர் ஆகிவிடுகிறார் ஒருவர்! மற்றையது, இடப்பெயர்வு. 1990இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. மக்கள் மடுவுக்கும் கடல் கடந்து இராமேசுவரத்துக்கும் ஓடினர். மன்னாரின் முஸ்லிம்கள் அவ்வாண்டு ஒக்டோபரில் ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டனர். மண்டபம் முகாமுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் மாமனாரின் விடுவிப்புப் புத்தகத்தையும் தூக்கிப் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

ஏடு எரிந்தால் வழி இல்லையா? உண்டு. 1973 யூலையில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலிருந்த ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றி 160 முதல் 180 இலட்சம் வரையான படைவீரர் கோப்புகள் அழிந்தன. அவ்வரசாங்கம் கையை விரித்துவிடவில்லை. சம்பளச் சீட்டு, வைத்தியசாலைப் பதிவு போன்றவற்றைக் கொண்டு மீண்டும் கோப்புகளைக் கட்டியெழுப்பிற்று. அந்நாட்டில் படைப் பதிவேடுகளைத் திருத்துவதற்கென்றே சபைகள் உள. சட்டம் அவற்றுக்குக் கூறும் அளவுகோல் இரண்டே: பிழை, அநீதி. பிழை இருந்தால் திருத்து. பிழை இல்லாவிடினும் அநீதி இருந்தால் நீக்கு. சபையில் இருப்போர் குடிமக்கள். இறந்தவரின் உரித்தாளரும் விண்ணப்பிக்கலாம். காலக்கெடு கடந்தாலும் நீதியின் பொருட்டு அதனைத் தள்ளிவைக்கலாம். இந்தியா 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அமைத்தது. சென்னையில் அதற்கு அமர்வு உண்டு.

அமெரிக்காவைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மை. பிலிப்பைன்ஸ் வீரர்களுக்கு 1946இல் மறுத்த உரிமைக்கு ஈடாக 2009இல் நிதியம் ஒன்றை நிறுவிய அதே நாடு, வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தள்ளியது. தம்மிடமிருந்த பழைய பட்டியலில் பெயர் இல்லை என்பதே பலருக்குக் கிடைத்த மறுமொழி. வெள்ளைக்காரன் கோப்பு எரிந்தால் கட்டியெழுப்பலாம்; பிலிப்பினோவின் பெயர் விடுபட்டால் விடுபட்டதுதான்! பிரித்தானியாவும் இதற்குச் சளைத்ததன்று. 1,16,000க்குக் குறையாத, 3,50,000 வரை இருக்கக்கூடிய படையினரும் பணியாளரும், பெரும்பாலும் முதலாம் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கரும் மத்திய கிழக்கினரும், பெயர் கூறி நினைவுகூரப்படவில்லை என்பதைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 2021இல்தான் ஒப்புக்கொண்டது.

இனி, நம்மவர் சிலர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “ஏகாதிபத்தியத்துக்குத் துப்பாக்கி தூக்கியவனுக்காகத் தமிழன் ஏன் வாதாட வேண்டும்? நமக்கு நினைவுகூர வேறு மாண்டோர் இல்லையா?” இக்கேள்வியை நான் இகழவில்லை. முடிக்குரிய அரசின் புகழைப் பாட எனக்கும் விருப்பமில்லை. கொக்கோஸ் தீவில் கிளர்ந்தவர்களும் என் மதிப்புக்குரியவர்களே. ஆனால் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் படங்களை ஏந்தி நிற்கும் நாட்டில், “பதிவில் இல்லை” என்ற சொல்லின் பொருளை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்தச் சொல்லை ஓர் இடத்தில் ஏற்றுக்கொண்டு மற்றோர் இடத்தில் மறுக்க முடியுமா? எந்த ஏட்டில் எழுதப்பட்டாலும் பொய் பொய்யே என்று சொல்லும் உரிமையை நாம் கைவிடலாகாது.

பொறுப்பு யாருடையது? இலங்கைப் பாதுகாப்புப் படை 1910ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இத்தீவின் சட்டத்தால் அமைந்தது. 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தோடு அதன் இடத்தில் இன்றைய இராணுவம் வந்தது. சொத்தையும் முகாமையும் சுவீகரித்தவர்கள் கடப்பாட்டை மட்டும் இலண்டனுக்குத் தள்ள முடியாது. றோயல் இராணுவச் சேவைப் படையில் போனவர்களின் நிலை வேறு. அவர்கள் கோப்புக்கு பிரித்தானியாவே பொறுப்பு. அந்நாட்டு இராணுவக் கோப்புகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. வழங்கப்படாத பதக்கத்தைச் சட்டப்படியான உரித்தாளர் இன்றும் அங்கே கோரலாம். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபையை நிறுவித் தனக்கு வேண்டிய வீரரைப் போற்றத் தெரிந்த கொழும்புக்கு, மூத்த வீரரின் ஏட்டைத் திருத்த ஒரு சிறு மன்றை அமைக்கத் தெரியாதா?

அதுவரை குடும்பத்தவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இருக்கும் பதிவின் பிரதியை முதலில் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எண்பது ஆண்டுப் பழைய கப்பற் பயணம் தேசப் பாதுகாப்பு இரகசியம் என்று யாரும் கூறமுடியாது. தமிழில் எழுதுங்கள், தமிழில் மறுமொழி பெற அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. பெயர்க் குழப்பத்துக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் நல்ல சான்று. படம், கடிதம், அஞ்சல் முத்திரை, சம்பளத் துண்டு எதையும் எறியாதீர்கள். கதை கேட்ட முதியோரிடம் இன்றே சத்தியக் கடதாசி பெற்றுக்கொள்ளுங்கள்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஆறு ஆசனங்கள் உண்டு. பாதுகாப்பு அமைச்சின் செலவினம் விவாதத்துக்கு வரும் நாளில் அந்த ஆறு பேரில் ஒருவராவது எழுந்து கேட்கட்டும்: இலங்கைப் பாதுகாப்புப் படையின் பதிவேடுகள் இன்று யார் பொறுப்பில் இருக்கின்றன? அவற்றில் பிழை காணும் உரித்தாளர் எந்தக் கந்தோரின் கதவைத் தட்ட வேண்டும்? தட்டினால் எத்தனை நாளில், எந்த மொழியில் மறுமொழி வரும்?