சந்தனத்தின் எதிரி யார்?

சந்தனம் அருகியதற்குக் கடத்தல்காரரை மட்டுமே குற்றஞ்சாட்டும் ஆய்வேடுகளை என்னால் ஏற்க இயலவில்லை. மேல்கோட்டையை உள்ளடக்கிய மைசூர்ப் பீடபூமியில் 1792இல் திப்பு சுல்தான் அம்மரத்தை அரசுடைமையாக்கினார். 2001ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரை, பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் உழவனுடையதன்று. காக்கும் பொறுப்பு மட்டும் அவனுடையது! கன்றைக் கண்டதும் பிடுங்கினான், வேறென் செய்வான்?

தாவரவியலையாவது நினைவுகூர்ந்தார்களா? சந்தனம் அரை ஒட்டுண்ணி. தானே ஒளிச்சேர்க்கை செய்யினும், அண்டைச் செடிகளின் வேர்களில் உறிஞ்சுவேர் பதித்தே நீரும் தாதுக்களும் பெறுகிறது. பறவைகள் கனியுண்டு விதையிடும் வேலிப்புதரே அதன் இயல்பான நாற்றங்கால். அந்த வேலிக்காரனைத்தான் சட்டம் பகைத்துக்கொண்டது. வெளிமரத்தில் மணமில்லை, வயிரம் பாயப் பல்லாண்டு வேண்டும். உரிமையற்றவன் எதற்காகக் காத்திருப்பான்? இன்று உரிமையுண்டு என்பார்கள். ஆனால் தன் மரத்தை வெட்ட அவன் இன்னமும் வனத்துறையின் அனுமதிக்கே காத்திருக்கிறான்.