ஷெட் ஒன்றுதான், சட்டம் வேறு



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடோன் கட்டி வாடகைக்கு விடுவது நல்ல முதலீடு என்று எழுதியிருந்தீர்கள், ஆசிரியரே. சரிதான். ஆனால் அது குடோனா, தொழிற்சாலையா என்பதைக் கட்டடத்தின் தோற்றம் முடிவு செய்வதில்லை. உள்ளே நடக்கும் வேலைதான் முடிவு செய்கிறது.

1948 தொழிற்சாலைகள் சட்டம், விற்பனைக்காகப் பொருளைச் சுத்தம் செய்வதையும் பொட்டலம் கட்டுவதையும்கூட உற்பத்தி என்றே கருதியது; குளிர்பதனக் கிடங்கில் சரக்கு வைப்பதும் அப்படியே. மின்விசையோடு 10 பேர், அது இல்லாமல் 20 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்று அதில் இருந்தது. 2020-ம் ஆண்டின் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் இந்த வரம்பை 20, 40 என்று உயர்த்தியது.

குடோன் என்று வாடகைக்கு எடுத்தவர், மிளகாய் வற்றலைச் சலித்து அரை கிலோ பாக்கெட் போட இயந்திரமும் ஆட்களும் கொண்டுவந்தால், வரைபட ஒப்புதல், உரிமம், அவசர வழி, கழிப்பறை என எல்லாம் கேள்விக்கு வரும். தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

எனவே முதலீட்டாளர்களே, உள்ளே என்ன வேலை, எத்தனை ஆட்கள் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்பணம் வாங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை.

— வாசகர், காஞ்சிபுரம்