புதைக்கிற கறி யாருடையது?

சாப்டூர், பேரையூர் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் புஞ்சையை உழுது போட்டுவிட்டுப் போயிருக்கும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு மேல் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சரி, சுட்ட பிறகு அந்த உடலை என்ன செய்வது?

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 39ஆம் பிரிவு: அப்படிக் கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து. பயிரை இழந்தவனுக்கு ஒரு கிலோ கறிகூடக் கிடையாது; எடுத்தால் அவன் குற்றவாளி. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே சுட உத்தரவிடலாம். சுட்டதைக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்த செய்திகளையும் படித்தோம். நன்கு வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோ போகும். பாதிதான் கறி என்றாலும் 50 கிலோ மண்ணுக்குள் போகிறது.

காலமெல்லாம் கோப்பு புரட்டியவன் என்பதால் கேட்கிறேன். சந்தனக்கட்டையும் அரசின் சொத்துதான். அதைப் புதைக்கிறார்களா? ஏலம் விடுகிறார்கள், பணம் கஜானாவுக்குப் போகிறது. பன்றிக்கு மட்டும் ஏன் மண்ணெண்ணெய்?

"கறிக்கு வழிவிட்டால் திருட்டு வேட்டை பெருகும்" என்பார்கள். இப்போது மட்டும் இல்லையா? திருட்டு மின்வேலியும் நாட்டு வெடியும் வைத்துப் பன்றியைக் கொல்கிறார்கள். அதில் மாடும் சாகிறது, மனிதனும் சாகிறான். அந்தக் கறி இருட்டில் கைமாறுகிறது, எந்த மருத்துவரும் பார்ப்பதில்லை. தடை, தின்பதை நிறுத்தவில்லை, சோதனையைத்தான் நிறுத்தியிருக்கிறது.

"நோய்?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2023இல் முதுமலையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் காட்டுப்பன்றிகள் செத்தன. அது மனிதனுக்குத் தொற்றாது; ஆனால் வீட்டுப் பன்றிகளை அழித்துவிடும். ஆகவே நோயுற்றதைப் புதைக்கட்டும். எது நோயுற்றது என்று சொல்லத்தானே கால்நடை மருத்துவர் இருக்கிறார்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பழக்கத்தில் இன்றும் அந்த நாட்டுச் செய்திகளைப் பார்க்கிறேன். அங்கே ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் காட்டுப்பன்றிகளைச் சுடுகிறார்கள். கறியை வியாபாரத்துக்கு விடுமுன் பயிற்சி பெற்றவர் குடல், ஈரலைப் பார்க்க வேண்டும். தசைக்குள் இருக்கும் புழுவுக்கு ஆய்வகச் சோதனையும் உண்டு. பயிர்ச் சேதத்துக்கு விவசாயிக்கு நஷ்டஈடு தருவது வேட்டைக்காரர்களின் சங்கம்! சுடுகிற உரிமையும் கறியும் உனக்கு, சேதத்தின் செலவும் உனக்கு. எவ்வளவு நேரான கணக்கு!

வேலையும் பெரிய வித்தை அல்ல. விழுந்த உடனே கழுத்தறுத்து ரத்தம் வடிக்க வேண்டும். வயிற்றைக் கீறும்போது குடலிலும் மூத்திரப்பையிலும் கத்தி படக் கூடாது. பட்டால் கறி கெட்டது. நம் ஊர் வெயிலில் குடலைத் தாமதமாக எடுத்தால் வயிறு உப்பிவிடும். பிறகு நிழலில் பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டு, முன் சந்து இரண்டு, பின் தொடை இரண்டு, விலா, முதுகு என்று பிரிக்க வேண்டும். கத்தி தெரிந்தவர்கள் நம் கிராமங்களில் இல்லாமலா போனார்கள்?

பங்கீடும் நமக்குப் புதிதல்ல. தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு அறுத்துக் கூறு போடுகிறோமே! ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு. யாருக்கும் கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை.

அரசுக்கு என் கோரிக்கை இதுதான்: வனத்துறை சுடட்டும், மருத்துவர் பார்க்கட்டும், நல்ல கறியை அந்த ஊரிலேயே கூறு போட்டு ஏலம் விடட்டும். பணம் பயிர் இழந்தவனுக்குப் போகட்டும். விதி மாறும்வரை யாரும் கத்தியைத் தொட வேண்டாம், சட்டம் சட்டம்தான். ஆனால் சுட்ட உயிரை வீணாகப் புதைப்பதற்குக் கருணை என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.