சீமையில் கொடுத்த சொல்லும் குந்தாவில் கேட்கும் கணக்கும்



2016ஆம் ஆண்டு பிரிட்டனில் சிவப்பு வண்ணப் பேருந்து ஒன்று ஊர் ஊராக ஓடிற்று. அதன் மேனியெங்கும் கொட்டை எழுத்து. "ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு வாரந்தோறும் 35 கோடி பவுன் கொட்டியழுகிறோம்; அதை நமது மருத்துவப் பணிக்குத் தருவோம்" என்பது அதன் பொருள். மக்கள் படித்தனர், நம்பினர், ஜூன் 23இல் வாக்களித்தனர். மறுநாட் காலை, வெற்றி முரசு ஓயுமுன்பே, விலகல் பக்கம் நின்ற நைஜல் ஃபராஜ் தொலைக்காட்சியில் தோன்றி, அந்த உறுதியைத் தான் தர இயலாது என்றார். ஓடிய பேருந்து ஓடியதுதான். ஏறியவன் இறங்குமிடம் தெரியாமல் நின்றான்.

அதற்கு ஆறாண்டுகள் முன்பு இன்னொரு காட்சி. கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் கையெழுத்திட்டு, அட்டையைத் தூக்கிப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டனர். 2010 தேர்தல் முடிந்தது. பதவி நாற்காலி கிடைத்தது. கட்டண உச்சவரம்போ 9,000 பவுனுக்கு ஏறிற்று. தலைவர் நிக் கிளெக் 2012இல் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்புக்கு மெட்டமைத்துப் பாட்டாக்கிவிட்டனர் குறும்புக்காரர்கள்! நாடகம் எழுதிப் பிழைக்கும் எனக்கே பொறாமை பிறந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். கட்டணத்தின் சுமை என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்படி அடுக்கடுக்காகக் கண்டு, இன்று பிரிட்டிஷ் மக்கள் தம் அரசியல்வாதிகள்மேல் சீற்றம் கொள்கின்றனர். கொள்ளட்டும்! ஆனால் அவர்கள் இப்போது சுவைக்கும் கசப்பு, நமது நீலகிரியில், குந்தா மலைச் சரிவில், தேயிலைச் செடிகளுக்கிடையே கூடை சுமந்து நிற்கும் ஒரு மூதாட்டிக்குப் பாட்டன் காலத்துச் சொத்து. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் விரித்துவைக்க விழைகிறேன்.

மஞ்சூரிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் வாழ்வோரில் ஒரு பகுதியினரை ஊரார் "சிலோன்காரர்" என்பர். சிலோனில் இருந்தபோது அவர்களுக்குப் பெயர் "இந்தியாக்காரன்". சினம் வந்தால் "கள்ளத்தோணி". அங்கே இந்தியன், இங்கே இலங்கையன்! இரு கரையிலும் அயலானாகப் பிறக்க அவன் செய்த குற்றந்தான் என்ன?

குற்றம், நம்பியது. 19ஆம் நூற்றாண்டில் காப்பிக்கும், காப்பி நோயில் மடிந்த பின் தேயிலைக்கும், ஆள் வேண்டினர் வெள்ளைத் துரைமார். கங்காணி வந்தான், நம் ஊர்களுக்கு. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று பஞ்சம் தின்ற ஊர்களாகப் பார்த்து வந்தான். செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினான். தோண்டியவன் கண்டது அட்டையும் குளிரும் கடனும். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களில் எத்தனை பேர் வழியிலேயே விழுந்தனர் என்பதற்கு முழுக் கணக்கு வைக்க எந்தத் துரைக்கும் நேரமில்லை. பின்னாளில் கழுத்தில் தகர வில்லை மாட்டி அனுப்பும் முறை வந்தது. சரக்குக்கு முத்திரை, மனிதனுக்குத் தகரம்!

கங்காணி சொன்னது கங்காணியின் பொய் என்று சீமைத் துரைமார் கைகழுவலாம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். அவர்களே எழுதிக் கையொப்பமிட்ட வாக்குக்கு வருவோம்.

1928இல் டொனமூர் குழு அனைவருக்கும் வாக்குரிமை என்று பரிந்துரைத்தது. ஐந்தாண்டு வாழ்ந்திருந்தால் போதும் என்றது. தொழிலாளி தலை நிமிர்ந்தான். ஆனால் பரிந்துரை சட்டமாவதற்குள், சிங்களத் தலைவர்களின் எதிர்ப்புக்கு இணங்கிய ஆளுநர் ஸ்டான்லி, நிரந்தரக் குடியிருப்பு, அதற்குச் சான்றிதழ் என்று வேலி போட்டார். 1931இல் வந்தது வாக்குரிமை, வாசலில் காவற்காரனோடு!

பின்னர் 1944இன் இறுதியில் வந்தது சோல்பரி குழு. சோல்பரி பிரபு யார்? இங்கிலாந்தில் கல்வித் துறையைத் தலைமையேற்று நடத்திய பழமைவாதக் கட்சிப் பிரமுகர். அவர் குழுவின் வழியே உருவான அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்றொன்று உண்டு. ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் குறை விளைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் சாரம். சிறுபான்மையினரின் கவசம் என்று அது காட்டப்பட்டது. 1947 தேர்தலில் மலையகத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து தொண்டமான் சென்றார்.

1948 பிப்ரவரி 4இல் விடுதலை. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம். தந்தை இலங்கையில் பிறந்தாரா, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தனரா, சான்று எங்கே என்று கேட்டது அது. லயன் அறையில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? பெரட்டுக் களத்துப் பேரேட்டில் அவன் பெயர் இருந்தது. அது கூலி பிடிக்க எழுதிய பேரேடு. ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டு இயற்றிய இன்னொரு சட்டத்தின்படி, மனுப் போட்டால் குடியுரிமை தருவோம் என்றனர். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டனர். பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1952 தேர்தலில் அந்த எழுவரின் இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தக் கவசம் என்ன ஆயிற்று? வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கோடாகன் பிள்ளை வழக்கு என்று சட்டம் பயின்றோர் அறிவர். 1953இல் தீர்ப்பு. சட்ட நூலை நான் விளக்குவதைவிட, நாடகக் காட்சியாக எழுதினால் உங்களுக்கு எளிதில் விளங்கும்:

"துரை அவர்களே, எங்கள் வாக்குச் சீட்டைக் காணோம்!"

"29ஆம் பிரிவு இருக்கிறதே, பார்க்கவில்லையா?"

"பார்த்தோம். எந்தச் சமூகத்துக்கும் குறை செய்யும் சட்டம் செல்லாது என்கிறது. எங்கள் சமூகம் முழுவதும் இப்போது வெளியே நிற்கிறது."

"சமூகமா? சட்டத்தில் உன் சமூகத்தின் பெயரே இல்லையே! அது குடியுரிமை பற்றிய சட்டம். நீ குடிமகனல்லாதவன், ஆகவே உனக்கு வாக்கில்லை."

"குடிமகனல்லாதவனாக என்னை ஆக்கியது எது?"

"அந்தச் சட்டந்தான்."

திரை விழுகிறது. அரங்கில் கைதட்டல் இல்லை.

இதில் உச்சக் காட்சி எது தெரியுமா? 1949இல் இலங்கையின் தலைமை ஆளுநராக வந்து அமர்ந்தவர் அதே சோல்பரி பிரபு! 1954 வரை அவர்தாம் ஆளுநர் மாளிகையில் வீற்றிருந்தார். தாம் செய்து கொடுத்த கவசம் உடைந்து நொறுங்குவதை மாளிகைச் சாளரத்தின் வழியே கண்டிருக்கலாம். பின்னர் 1963இல், பார்மர் என்பார் இலங்கை குறித்து எழுதிய நூலுக்கு முன்னுரை தந்தபோது, அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் உறுதியாகப் பதிக்கப் பரிந்துரைக்காதது வருந்தத்தக்கது என்று எழுதினார். கப்பல் கவிழ்ந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துத் துடுப்பு வந்தது, முன்னுரை வடிவில்!

நாட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்ட பின் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று சீமையார் கேட்கலாம். ஒரு கேள்வியை நாமும் கேட்போம். திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் வேண்டுமென்று விரும்பியபோது, விடுதலைக்கு முன்பே, 1947 நவம்பரில், தனி உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கத் தெரிந்ததே அவர்களுக்கு! துறைமுகத்துக்கு உடன்படிக்கை, தொழிலாளிக்கு ஓட்டைப் பிரிவு. 1975இல் தோட்டங்கள் நாட்டுடைமையானபோது பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு நட்டஈடு பேசப்பட்டது, தரப்பட்டது. அந்தத் தோட்டத்தை நான்கு தலைமுறை உழைத்து உருவாக்கியவனுக்கு? அவனை நாட்டை விட்டே அனுப்பும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது.

குந்தாவோடு இணைந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950 ஜனவரியில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். ஆசிய மக்களின் வறுமை போக்க வேண்டுமென்று அங்கே பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். பிரிட்டன் சார்பில் அமர்ந்திருந்தவர் எர்னஸ்ட் பெவின். வண்டியோட்டியாக உழைத்து, மாபெரும் போக்குவரத்துத் தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்பியவர். தொழிற்கட்சி அரசின் அமைச்சர். கொழும்பிலிருந்து சில மணி நேரத்தில் எட்டும் மலையில் இலட்சக்கணக்கான தொழிலாளர் நாடற்றுக் கிடக்க, மாநாட்டு மேசையில் ஆசியாவின் நலன் பேசப்பட்டது. அந்தத் திட்டத்தின் கீழ் கனடா தந்த உதவியோடுதான் நமது குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. அவலாஞ்சியிலும் எமரால்டிலும் நீர் தேங்கிற்று; மின்சாரம் பாய்ந்தது; வாழ்த்துவோம். ஆயினும், தோழர்களே, அந்தத் திட்டம் பிறந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டவன் பின்னாளில் வந்து சேர்ந்தது அந்தத் திட்டத்தின் விளக்கு எரியும் மலைக்குத்தான். வரலாறு எழுதும் நாடகத்துக்கு முன் நாங்கள் எழுதுவது வெறும் ஒத்திகை.

சீமையாரின் இந்தக் குணம் இலங்கைக்கு மட்டும் ஆனதன்று. பொறுப்பாட்சி தருவோம் என்று 1917 ஆகஸ்டில் மாண்டேகு அறிவித்தார். 1919இல் வந்தவை ரவுலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக்கும். மக்கள் தாம் விரும்பும் ஆட்சியைத் தேரலாம் என்ற அட்லாண்டிக் சாசனத்தில் 1941 ஆகஸ்டில் ஒப்பிய சர்ச்சில், அடுத்த மாதமே அது இந்தியாவைக் கருதியதன்று என்றார். கென்யா 1963இல் விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் கடவுச்சீட்டை நம்பி இருந்த ஆசிய மக்களின் முகத்தில், 1968இல் மூன்றே நாட்களில் ஒரு சட்டம் இயற்றிக் கதவைச் சாத்தினர். சொன்ன சொல் சொன்னதுதான் என்று எதிர்த்து வாக்களித்த இயான் மெக்லியோடும் அவர்களில் ஒருவர். அவர் பெயரையும் சொல்லிவிடுவதே நேர்மை. மலையகத் தமிழன் நாடிழந்த அதே 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கிய கரீபியத் தீவினரின் தலைமுறையையும், எழுபதாண்டுகள் கழித்து, "சான்று எங்கே?" என்று கேட்டு வதைத்தது இலண்டன். அந்த இழிவு வெளிப்பட்டு 2018இல் உள்துறை அமைச்சர் பதவி விலகினார். "சான்று எங்கே?" எங்கோ கேட்ட குரல் போலிருக்கிறதல்லவா?

இதுவரை சீமையை ஏசினேன். நீங்களும் மகிழ்ந்து படித்திருப்பீர்கள். இனி வருவது அவ்வளவு இனிக்காது.

1964 அக்டோபர் 30. டெல்லியில் சாஸ்திரியும் சிறீமாவோவும் கையெழுத்திட்டனர். 9,75,000 மக்களைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். பாகப் பிரிவினையில் பசுமாட்டைப் பிரிக்கும்போதாவது அது கத்துவதைக் கேட்பார்கள். இந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்திட்டவர் எவரும் வெள்ளையரல்லர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர், பிள்ளைகுட்டிகளோடு, 4 இலட்சத்துக்கும் மேல். இறங்கியவர்க்கு வாக்களிக்கப்பட்டது மறுவாழ்வு. அங்கேயே தங்கியவர்களின் நாடற்ற நிலை தீர, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த மறுவாழ்வுக்காகத்தான் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. அதுவே டான்டீ என்னும் தேயிலைத் தோட்டக் கழகம். வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் குடியிருப்பு? அது தோட்டத்தின் வீடு. வேலை இருக்கும் வரை கூரை. ஓய்வு பெற்றவன் வெளியேற வேண்டும். எங்கே வெளியேறுவான்? மாத்தளைக்கா? சாதிச் சான்றிதழ் கேட்டு மகன் அலுவலகப் படியேறினால், "பூர்வீகம் எது, ஆவணம் எங்கே?" என்கின்றனர். 2022இல் கழக நிலத்தில் 2,000 எக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசாணை வந்தபோது, காட்டைக் காக்க வேண்டியதன் தேவையை அறிந்தவர்களும் ஒரு கணம் திகைத்தனர். யானைக்கு வழி வேண்டும், ஐயமில்லை. மூன்று முறை வேர் பிடுங்கப்பட்டவனுக்கு நான்காம் முறை என்ன சொல்லப் போகிறோம்?

நாமும் மேடை ஏறுகிறோம், தோழர்களே. குந்தாவில் தேர்தலுக்குத் தேர்தல் கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, பட்டா என்கிறோம், சொந்த வீடு என்கிறோம், நிலுவை என்கிறோம். பனியில் போர்வையைப் போர்த்தி நின்று கேட்கும் அந்த மூதாட்டி கைதட்டுகிறாள். சோல்பரிக்கும் அவள் அப்பன் கைதட்டியிருப்பான். நம் குரலுக்கும் அந்தக் குரலுக்கும் வேறுபாடு உண்டென்று அவள் எதைக் கொண்டு அறிவாள்? நமது தமிழ் அழகாயிருப்பதைக் கொண்டா?

ஆகவே குந்தா வட்டத்துக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். லயன் லயனாகச் செல்லுங்கள். கொடி வேண்டாம், துண்டு வேண்டாம். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். ஓய்வு பெற்றும் பணிக்கொடை வராதவர் யார், எத்தனை ஆண்டாக என்று எழுதுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது எவருக்கு? சாதிச் சான்றுக்கு எழுதிப் போட்டு, விடை வராமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? வீட்டுக்கு வீடு, பெயர், நாள், மனு எண் எல்லாம் இருக்க வேண்டும். கட்சி வேறுபாடு பார்க்காதீர்கள். மாற்றுக் கட்சிக்காரர் வீடானாலும் தட்டி, உட்கார்ந்து, தேநீர் கொடுத்தால் குடித்து, எழுதி வாருங்கள்.

அந்தப் பட்டியலின் ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு படி கழக நிருவாகத்துக்கு, ஒரு படி நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு. ஒரு படி கிளை அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். தீர்ந்த பெயரை அடித்துக்கொண்டே வாருங்கள். மஞ்சூரில் கூட்டம் போட என்னை அழைக்கப் போவதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். வருகிறேன். அந்தச் சுவரில் எத்தனை பெயர் அடிக்கப்பட்டது என்று முதலில் எழுதுங்கள், பிறகு நாள் குறிப்போம்.