அகத்தி – போர்ட் பிளேர்: கணக்கில் 3 மணி நேரம், நிஜத்தில் 2 நாள்! ஏன்?

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு லீவு விட்டதும், குடும்பத்தோடு டூர் கிளம்புகிறவர்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கம் உண்டு. 'லட்சத்தீவு, அந்தமான் ரெண்டையும் ஒரே மூச்சில் பார்த்துட்டு வந்துடலாமே' என்று கணக்குப் போடுகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தூரம் எவ்வளவு?

அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) நேர்கோட்டில் சுமார் 2,240 கி.மீ. ஜெட் விமானம் என்றால் 3 மணி நேரத்தில் போய்விடலாம். இணையத்தில் தேடினால் வரும் பதிலும் இதுதான். ஆனால், அது வெறும் வகுத்தல் கணக்கு. அப்படி ஒரு நேரடி விமானமே கிடையாது.

ஏன் கிடையாது?

அகத்தி ஓடுதளத்தின் நீளம் 1,300 மீட்டருக்கும் குறைவு. இரண்டு பக்கமும் கடல். பெரிய ஜெட் இறங்க முடியாது, ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானம்தான் வரும். அது முழுப் பயணிகளோடு 1,500 கி.மீ. தாண்டுவதே சிரமம். போர்ட் பிளேர் ஓடுதளமோ 3,000 மீட்டருக்கும் மேல். பயணத்தின் ஒரு முனை சின்னதாக இருந்தால், மறுமுனை எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

அப்போ எப்படிப் போவது?

அகத்தி – கொச்சி சுமார் 460 கி.மீ., கொச்சி – சென்னை 520, சென்னை – போர்ட் பிளேர் 1,370. மொத்தம் 2,350 கி.மீ. நேர்கோட்டைவிட நூற்றுச் சொச்சம் கி.மீ.தான் கூடுதல். ஆனால் வானில் இருக்கும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட 5 மணி. இரண்டு இடத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால், பெரும்பாலும் சென்னையில் ஒரு ராத்திரி தங்க வேண்டியதுதான். தூரம் கூடவில்லை, நேரம்தான் கூடுகிறது.

நஷ்டம் எங்கே வரும்?

மூன்று டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால், மழையில் அகத்தி விமானம் தாமதமானாலும் அடுத்த விமானம் உங்களுக்காக நிற்காது. பணமும் போய்விடும். முடிந்தவரை ஒரே பி.என்.ஆரில் எடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: அந்தமான் சொந்தக்காரர்களுக்கு என்று கம்பி மத்தாப்பு ஒரு பாக்கெட்கூட எடுத்துப் போகாதீர்கள். கைப்பையோ, செக்-இன் பெட்டியோ, விமானத்தில் பட்டாசுக்கு இடமே இல்லை.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இரண்டு தீவுக்கும் ஒரே இந்திய நேரம்தான். ஆனால், தீர்க்கரேகையில் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம். டிகிரிக்கு 4 நிமிடம். அதனால் போர்ட் பிளேரில் சூரியன் சுமார் 80 நிமிடம் முன்பே உதித்துவிடும். சிவகாசியில் அச்சான காலண்டரைக் கையில் கொண்டுபோனாலும், அதில் போட்டிருக்கும் உதய நேரம் இரண்டு தீவுக்கும் பொருந்தாது.