தோல் டாக்டரின் படிப்பும் ஏலத் தோட்டத் தொழிலாளியும்

சாந்தன்பாறை: விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் ஜீப்புகள் போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை வழியாக ஏலத் தோட்டங்களுக்கு வந்து சேருகின்றன. அவற்றில் வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஏலச் செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். அந்த ஈரத்தில்தான் இவர்களுடைய கையும் காலும் நாள் முழுவதும் கிடக்கின்றன. களை எடுப்பானாலும், காய் எடுப்பானாலும், மருந்தடிப்பானாலும் முதலில் அடிபடுவது தோல்தான். விரலிடுக்கில் புண், இடுப்பில் படர்தாமரை, புறங்கையில் வெடிப்பு ஆகியவற்றை இங்கே யாரும் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. காய்ச்சல் வந்தால்தான் ஆஸ்பத்திரி. அரிப்புக்கு மருந்துக் கடை என்பதே வழக்கமாகிவிட்டது.

இதற்குத் தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நெடுங்கண்டம், அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போனாலும், செறுதோணி மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், மலை இறங்கித் தேனி க.விலக்குக்குப் போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே தோல் டாக்டர்கள் எங்கே, யாரைப் பார்த்துத் தொழில் கற்கிறார்கள் என்பது கல்லூரிகளுக்கு மட்டும் உரிய விஷயமல்ல.

மூன்றாண்டுப் படிப்பு

எம்.பி.பி.எஸ். தேறியவர் மேற்படிப்புக்கான 'நீட்' தேர்வு எழுதி, தோல் மருத்துவத்தில் எம்.டி. சேருகிறார். படிப்பு மூன்றாண்டு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். நம் நாட்டில் இந்தப் பட்டத்தின் பெயரிலேயே தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

மேற்படிப்பு இடங்களில் தோல் மருத்துவத்துக்குக் கடும் போட்டி. உயர்ந்த ரேங்க் பெற்றவர்களே இதை எடுத்துக்கொள்கிறார்கள். நள்ளிரவு அவசர அழைப்பு குறைவு. நகரத்தில் முடி உதிர்வு, முகப்பரு, லேசர் சிகிச்சை என்று வருமானமும் உண்டு. இதில் தவறொன்றுமில்லை. ஆனால் படித்து முடித்தவர் நகரத்திலேயே தங்கிவிட்டால், மலையில் இருப்பவருக்கு அந்தப் படிப்பால் என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது.

தோல் மருத்துவம் பெரும்பாலும் கண்ணால் கற்கும் தொழில். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிகிற தடிப்பு, கறுத்த தோலில் கருஞ்சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும். பாடப் புத்தகங்களில் வெள்ளைத் தோல் படங்களே மிகுதி என்பதைக் கண்டு, லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தம் ஆசிரியர் இருவருடன் சேர்ந்து 2020-இல் கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே வெளியிட்டார். நம் ஆஸ்பத்திரிகளில் அந்தக் குறை இல்லை. ஆனால் நம்மிடம் வேறொரு குறை உண்டு. ஏலத் தோட்டக் கை அந்த ஆஸ்பத்திரியின் வாசலுக்கே வருவதில்லை.

களிம்பு செய்யும் வேலை

படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். மருந்துக் கடையில் கிடைக்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குகிறது, சிவப்பும் மறைகிறது. நோய் தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் ஸ்டீராய்டு, பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியைத்தான் அடக்குகிறது. பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. வட்டத்தின் விளிம்பு அழிந்துவிடுவதால், பின்னால் பார்க்கும் டாக்டருக்கும் இன்ன நோய் என்று சட்டெனத் தெரிவதில்லை. நாள்பட்டால் தோல் மெலிந்து, வரி வரியாக வெடிக்கிறது.

இதைத் தடுக்கவே மத்திய சர்க்கார் 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டுத் தோல் மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் சரி. சீட்டு எழுத வேண்டிய டாக்டர் பக்கத்தில் இல்லாத இடத்தில், கடைக்காரரே டாக்டர் ஆகிவிடுகிறார். வழக்கமான மாத்திரைக்கு மசியாத புதுவகைப் பூஞ்சை நம் நாட்டில் பரவியிருப்பதால், இந்த அலட்சியத்தின் விலை இன்னும் கூடியிருக்கிறது.

மருந்தடிப்பவரின் கையில் வரும் ஒவ்வாமைக்கும் பரிசோதனை உண்டு. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். ஆக மூன்று தடவை வர வேண்டும். தினக்கூலிக்காரருக்கு மூன்று நாள் கூலி நஷ்டம். அதுவரை முதுகு நனையாமலும், அதிகம் வேர்க்காமலும் இருக்க வேண்டும். தோட்ட வேலையில் இது நடக்கிற காரியமா? இத்தகைய நோயாளிக்கு என்ன செய்வது என்பதை மலைக்கு வந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

மரத்துப் போன இடம்

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தொழுநோய். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. நோய் ஒழிந்தது என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கேரள சர்க்காரும் 2018-இல் 'அஸ்வமேதம்' என்ற பெயரில் வீடு வீடாகத் தேடும் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது.

வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சியில்லை என்பதே இதன் முக்கிய அடையாளம். அரிப்பில்லை, வலியில்லை, ஆகவே வேலைக்குத் தடையில்லை. இங்கேதான் ஆபத்து. கூட்டு மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். ஆனால் நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டால், போன உணர்ச்சி திரும்புவது அரிது. அரிவாள் பிடிக்கும் விரல் மடங்கிவிட்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு என்னாவது?

சொல்லில் இருக்கும் சிக்கல்

இந்த நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் நோயாளியின் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய பொருளால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்கிறார். பரிசோதனை முழுவதும் நோயாளியின் பதிலில்தான் நிற்கிறது. கேள்வி புரியாமல் தலையாட்டினால் முடிவே மாறிவிடும்.

தமிழும் மலையாளமும் அக்கா தங்கை என்றாலும் நோயின் பெயர்களில் வேறுபடுகின்றன. நாம் அரிப்பு என்பதை அவர்கள் 'சொறிச்சில்' என்பார்கள். படர்தாமரை அங்கே 'வட்டச்சொறி'. தேமலை அவர்கள் 'சுணங்ஙு' என்கிறார்கள். பழந்தமிழிலும் சுணங்கு என்றால் தோலில் படரும் தேமல்தான். ஆனால் இன்று நம் பேச்சில் சுணங்குவது தாமதமாவதைக் குறிக்கும். இப்போது தோட்டங்களில் வட மாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்திருப்பதால், இந்தச் சிக்கல் தமிழரோடு நிற்பதுமில்லை. எல்லைப்புறத்துக்கு வரும் பயிற்சி டாக்டருக்கு இருபது முப்பது சொற்கள் கற்றுக் கொடுப்பது பெரிய செலவல்ல.

விதி இருக்கிறது

மேற்படிப்பு டாக்டர்கள் அனைவரும் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2020-இல் அறிவிக்கப்பட்டு, 2021-இல் சேர்ந்தவர்கள் முதல் நடைமுறைக்கு வந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளும் இதை உறுதி செய்கின்றன. 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியும் இதற்குப் போதும் என்று வரம்பைத் தளர்த்தியிருக்கின்றன. தோல் மருத்துவம் படிப்பவருக்கும் இது பொருந்தும்.

இடுக்கிக்கு இது மிகவும் வேண்டியது. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2014-இல் தொடங்கி, 2016-இல் அனுமதி இழந்து, மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டு, 2022-இல்தான் 100 இடங்களுடன் மறு உயிர் பெற்றது. ஒரு துறை இங்கேயே வளரும்வரை, கோட்டயம் போன்ற பழைய கல்லூரிகளின் பயிற்சி டாக்டர்களே துணை.

தான்சானியா நாட்டில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள மோஷி ஊரில் 1992-இல் ஒரு தோல் மருத்துவப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. முழு டாக்டர்கள் கிராமத்துக்குக் கிடைக்காத நிலையில், கிராம மருத்துவ ஊழியர்களுக்கே இரண்டாண்டுப் பயிற்சி தந்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். நம்மிடமோ டாக்டர்களும் விதியும் இருக்கின்றன. தேவை, அந்த மூன்று மாதத்தைச் சரியான இடத்தில் செலவிடுவதுதான்.

மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, பயிற்சி டாக்டர்களை மாவட்டத் தலைமையிடத்தில் மட்டும் நிறுத்தாமல், தோட்டப் பகுதித் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்து அனுப்ப வேண்டும். இரண்டாவது, தோட்டத்துக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் மாதம் ஒரு முறையாவது தோல் நோய் சிகிச்சை நடக்க வேண்டும். கூலி போகாது என்றால் கூட்டம் தானே வரும். மூன்றாவது, இடுக்கி, தேனி மாவட்டச் சுகாதாரத் துறைகள் தொழுநோயாளிகளின் விவரத்தைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். வேலை ஒரு மாநிலத்தில், வீடு ஒரு மாநிலத்தில் என்று இருப்பவருக்கு மருந்து அட்டை நடுவில் நின்றுவிடக் கூடாது.

தொழிலாளர் தரப்பிலும் கடமை உண்டு. உணர்ச்சியில்லாத தேமலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். பெயர் தெரியாத களிம்பை வாங்கித் தடவக் கூடாது. தொழிற்சங்கங்கள் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக்கொண்டால், இரு மாநில சர்க்கார்களும் செவிசாய்க்காமல் இருக்க முடியாது.