மேயரை யார் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் 538 தேர்வாளர்களின் விசித்திரக் கணக்கை அலசி, 2016-இல் அதிக வாக்குகள் பெற்றும் ஹில்லாரி கிளிண்டன் தோற்றதை அநீதியென்று கண்டிக்கிற நாம், நம் மாநகராட்சியில் நடப்பதைக் கவனிப்பதில்லை. எண்ணூர்ப் பகுதியில் தனி நகராட்சியாயிருந்த எங்கள் காத்திவாக்கம் 2011-இல் சென்னையோடு சேர்க்கப்பட்டபோது, சொந்த ஸ்தாபனம் போனதற்கு ஈடு போல, அவ்வருஷம் அக்டோபரிலேயே மேயருக்கு நேரடியாக வாக்களிக்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது. 2022-இலோ வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, மேயரை அவ்வுறுப்பினர்களே ரிப்பன் மாளிகையில் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள்.

மேயர் ஒரு கட்சியும் மன்றம் வேறு கட்சியுமாய் நின்று முட்டிக்கொண்டால் நிர்வாகம் ஸ்தம்பிக்கும் என்பாரின் வாதம் அற்பமானதன்று. எங்கள் பகுதித் தொழிற்சாலைகளின் மேல் மேயருக்குள்ள அதிகாரம் சொற்பமே என்பதும் மெய்தான். ஆயினும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரம்வரை பரவி, அம்மாதக் கடைசியிலேயே பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய இப்பிரதேசத்துக்கு, நகரத் தலைவர் ஒரு தடவையேனும் வாக்குக் கேட்டு வந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே வரும் மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வீதிக்கு வரும் வேட்பாளர் எக்கட்சியினராயினும், நேரடி மேயர் தேர்தலை ஆதரிப்பாரா என்றே முதலில் கேட்கப்போகிறேன். அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிய கேள்வி அதற்கடுத்தது.